விழுந்ததெல்லாம் வலிப்பா?

அடிக்கடி மயங்கி விழுகிறவர்களுக்கு மயக்கத்தைவிட, அதற்கு மற்றவர்கள் வைக்கும் பெயரே பெரிய தொல்லை

ஆகஸ்ட் 15 காலை. கொடியேற்ற வேண்டிய பிரமுகர் இன்னும் வந்து சேரவில்லை. முக்கால் மணி நேரமாக வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கும் மாணவிகளின் வரிசையில் ஒருத்தி முகம் வெளிறி, டொப்பென்று சாய்கிறாள். கைகால்கள் இரண்டு மூன்று முறை வெட்டி இழுக்கின்றன. யாரோ சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள். வட மாநிலமாக இருந்தால் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடிப்பார்கள். அரை நிமிடத்தில் கண் விழிக்கும் பெண், சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படுகிறாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விடுகிறது: அந்தப் பெண்ணுக்கு வலிப்பாம்.

நாட்டின் எந்த மூலையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பெரும்பாலும் அது வலிப்பே அல்ல. 'வேஸோவேகல்' என்று டாக்டர்கள் சொல்லும் சாதாரண மயக்கம். பிரிட்டிஷ் இதய நிபுணர் சர் தாமஸ் லூயிஸ் 1932-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. வாழ்நாளில் மூவரில் ஒருவராவது ஒரு முறையேனும் மயங்கி விழுகிறார். முதல் மயக்கம் பெரும்பாலும் பதின்வயதில் வருகிறது. பலருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் அது திரும்பத் திரும்ப வருகிறது. ரேஷன் கடை வரிசை, ஊசி போடும் அறை, கல்யாண மண்டபத்துப் புழுக்கம் என்று எதுவும் காரணமாகலாம்.

விழுவதே வைத்தியம்

நெடுநேரம் நிற்கும்போது ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. நரம்பு மண்டலம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்திச் சமாளிக்கும். இவர்களுக்கோ அந்தக் கட்டளை திடீரென்று தலைகீழாகிவிடுகிறது. குழாய்கள் தளர்கின்றன, நாடி மந்தமாகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போதிய ரத்தம் போகாததால் நினைவு தப்புகிறது. கீழே விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வர, ரத்தம் மூளைக்குத் திரும்புகிறது.

இதனால்தான் சுற்றியிருப்பவர்களின் பரிவே சில சமயம் ஆபத்தாகிறது. மயங்கியவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. மும்பை மின்சார ரயிலின் நெரிசலில் மயங்குகிறவருக்கு விழக்கூட இடமில்லை. கூட்டம் அவரை நின்றபடியே தாங்கிப் பிடிக்கிறது, மூளை ரத்தத்துக்குத் தவிக்கிறது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவது ஒன்றே சரியான முதலுதவி. சாவிக்கொத்துக்கும் செருப்புக்கும் எந்தச் சக்தியும் இல்லை. அவற்றைத் தேடி எடுப்பதற்குள் மயக்கம் தானாகவே தெளிந்துவிடுவதால்தான் அந்த நம்பிக்கை வாழ்கிறது.

கை இழுத்தால் போதுமா?

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் அந்த வெட்டி இழுப்புதான். 1994-ல் ஜெர்மன் டாக்டர்கள் ஆரோக்கியமான தொண்டர்களைச் செயற்கையாக மயங்கவைத்து வீடியோவில் பதிவு செய்தார்கள். முழுமையாக மயங்கி விழுந்த 42 பேரில் 90 சதவீதத்தினருக்குக் கைகால்கள் வெட்டி இழுத்தன. பெரும்பாலோரின் கண்கள் திறந்தேயிருந்தன. சராசரியாக 12 விநாடியில் எல்லாம் முடிந்தது. அவர்களில் யாரும் வலிப்பு நோயாளி அல்ல.

வித்தியாசம் விழுவதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. வேஸோவேகல் மயக்கத்துக்கு முன்னால் குமட்டல், வியர்வை, காதடைப்பு, கண் இருட்டல் வரும். முகம் வெளிறும். எழுந்ததும் புத்தி தெளிவாக இருக்கும். வலிப்பில் இழுப்பு ஒரு நிமிடம், அதற்கு மேலும் நீடிக்கலாம். நாக்கின் பக்கவாட்டில் கடிபடலாம். தெளிந்த பிறகும் வெகுநேரம் குழப்பம் தொடரும். ஆகவே டாக்டருக்கு எந்த ஸ்கேனையும்விட முதலில் தேவைப்படுவது நேரில் பார்த்தவரின் சாட்சி. இப்போது பக்கத்தில் இருப்பவர் செல்போனில் எடுக்கும் பதிவும் பெரிய உதவி. இதைக் கேட்காமலே எழுதித் தரப்படும் வலிப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு.

ரத்தசோகை என்று முடிவுகட்டி இரும்புச்சத்து டானிக்கோடு அனுப்பிவிடுவது இன்னொரு பழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு மருந்து வேண்டியதுதான். ஆனால் மயக்கத்துக்கு அது மட்டுமே விடையாகிவிடாது.

சட்டம் மாறியது, சந்தேகம் மாறவில்லை

தவறான பெயரின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் பெண்கள். அடிக்கடி வரும் வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்ற நிலை 1976 திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் ஏற்பட்டது. 1999-ல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. அதனால் குடும்பங்கள் மறைக்கின்றன. புகுந்த வீட்டில் விஷயம் தெரியாததால், தண்ணீர்கூடக் குடிக்காமல் கர்வா சௌத் விரதம் இருக்க நேர்கிறது. உடம்பில் நீர் குறைவதைப்போல மயக்கத்தை அழைக்கும் காரியம் வேறில்லை.

மறைப்பது ஆண்களையும் விடவில்லை. எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவு தப்புவதுண்டா என்று ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 கேட்கிறது. பிழைப்பு வண்டியை நம்பியிருக்கும்போது 'இல்லை' என்று எழுதத்தான் பேனா நகர்கிறது. எழுதியவர் உயிர் மட்டுமல்ல, சாலையில் போகிறவர் உயிரும் அந்தப் பதிலில் இருக்கிறது.

உண்மையில் அஞ்ச வேண்டிய மயக்கங்களும் உண்டு. ஓடும்போதோ நீந்தும்போதோ வருவது, படுத்திருக்கும்போது வருவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருவது, நெஞ்சுப் படபடப்போடு வருவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது ஆகியவை இதயத்தின் மின்னோட்டக் கோளாறைச் சுட்டலாம். அது உயிரைப் பறிக்கும். எனவே மயங்கி விழுந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஈ.சி.ஜி. அவசியம். சந்தேகம் தீராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிகளில் சாய்மேஜைப் பரிசோதனை இருக்கிறது. 1986-ல் லண்டன் டாக்டர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. மேஜையில் கட்டி, ஏறக்குறைய நிற்கவைத்து, மயக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

வேஸோவேகல் என்று உறுதியானால் வைத்தியம் பெரும்பாலும் சமையலறையிலேயே இருக்கிறது. தினம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு டாக்டர் சம்மதத்தோடு கொஞ்சம் கூடுதல் உப்பு. கண் இருட்டும்போது உட்கார்ந்துவிட வேண்டும். முடியாவிட்டால் கால்களைப் பின்னி, தொடையையும் வயிற்றையும் இறுக்க வேண்டும். 2006-ல் வெளியான ஆய்வில் 223 நோயாளிகள் கலந்துகொண்டனர். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கே மீண்டும் மயக்கம் வந்தது. பெறாதவர்களில் 51 சதவீதம்.

மாத்திரை தேவைப்படுகிறவர்கள் சிலரே. ஆனால் அலுவலகத்திலும் ரயிலிலும் கூட இருக்கும் ஒருவரிடமாவது சொல்லிவைப்பது எல்லோருக்கும் தேவை. நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. "நான் சாய்ந்தால் தூக்காதீர்கள், படுக்கவையுங்கள்" என்றால் போதும்.