திருமணத்திற்கு யார் சாட்சி?



திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். பயிர் என்றால் அதற்கு வேலி வேண்டுமல்லவா? அந்த வேலியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

நம் தோட்டங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக் கலியாணத்திற்கு மற்றவர் பந்தல் போடுவார், பந்தியில் பரிமாறுவார். ஆயினும் மாதா கோயிலிலோ சபையிலோ திருமணம் எவ்வாறு நடக்கிறது, ஏன் அவ்வாறு நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்து கொள்வதில் எல்லாச் சமயத்தாருக்கும் பயன் உண்டு.

கிறிஸ்தவர்களுள் கத்தோலிக்கர் திருமணத்தை ஏழு திருவருட்சாதனங்களுள் ஒன்றாகக் கொள்கின்றனர். மெதடிஸ்ட், லூத்தரன் முதலிய சபையினர், கடவுளின் முன்னிலையில் இருவர் செய்து கொள்ளும் உடன்படிக்கை என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். மணமக்களின் மனப்பூர்வமான சம்மதமே திருமணத்தின் உயிர் என்பதே அது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாலியைக் கைவிட்டு விடவில்லை. சிலுவை பொறித்த தாலியைக் குருவானவர் ஆசீர்வதித்துக் கொடுக்க, மணமகன் கட்டுகிறார். ஆனால், தாலி கட்டுவதற்கு முன்னால் குருவானவர் ஒரு கேள்வி கேட்கிறார். இவரை உன் கணவராக ஏற்றுக் கொள்ளச் சம்மதமா என்று பெண்ணைத் தனியே கேட்கிறார். மாப்பிள்ளையையும் அவ்வாறே கேட்கிறார். பெண் தலை குனிந்து நின்றால் போதாது. அவள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். கூடியிருப்போர் அதைக் கேட்க வேண்டும். பெண்ணின் வாய்ச்சொல் இல்லாமல் அங்கே திருமணம் இல்லை.

திருமணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஞாயிறு வழிபாட்டில் அறிவிக்கிறார்கள். மூன்று ஞாயிறுகள் வாசிப்பது நெடுங்கால வழக்கம். மாப்பிள்ளைக்கு வேறோர் ஊரில் மனைவி இருக்கலாம்; பெண் வயது நிரம்பாதவளாக இருக்கலாம்; அவளைக் கட்டாயப்படுத்தியிருக்கலாம். அறிந்தவர் சொல்வதற்கு இது வாய்ப்பளிக்கிறது. இவ்வாறு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பதை 1215-ஆம் ஆண்டில் கூடிய திருச்சபைப் பொதுச் சங்கம் விதியாக்கியது.

அதற்குப் பின்னும் ஒரு தொல்லை தீரவில்லை. ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் சாட்சியின்றித் தனியே வாக்குக் கொடுத்து மணந்து கொள்வதுண்டு. பின்னர் ஆண், நான் வாக்குக் கொடுக்கவே இல்லை என்று மறுத்து வேறொருத்தியை மணந்து கொண்டால், முதற்பெண்ணுக்கு வழக்கு வைக்கவும் ஆதாரமில்லை. ஆகவே 1563-ஆம் ஆண்டில் திரெந்து நகரில் நடந்த சங்கம், பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லாது என்று விதித்தது. பெயர்களையும் நாளையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் போன்ற கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது.

அன்பு இருந்தால் போதாதா, ஏடும் எழுத்தும் எதற்கு என்று இளைஞர் சிலர் இக்காலத்தில் கேட்கின்றனர். அன்பு மாறாதவரை ஏடு தேவைப்படுவதில்லை. மாறிய அன்றைக்குத்தான் அது தேவைப்படுகிறது. திருச்சபை இதைப் பல நூற்றாண்டுகள் பட்டுத் தெரிந்து கொண்டது.

உறவு முறையிலும் திருச்சபைக்கென்று கட்டுப்பாடு உண்டு. நம்மவர் மாமன் மகளையும் அத்தை மகனையும் முறை என்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையில் அத்தகைய உறவினர் மணந்து கொள்ள ஆயரின் தனி அனுமதி வேண்டும். முறைதானே என்று தேதி குறித்து, மண்டபத்திற்கு முன்பணம் கட்டிய பிறகு குருவானவரிடம் போய் நிற்பது வீண் அலைச்சல். முதலில் கேட்டுக் கொள்வதே நன்று.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் கிறிஸ்தவர்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. இந்துக்களின் திருமணம் வழக்கப்படி நடந்தது. ஒருவர் இரண்டு மனைவியரை வைத்துக் கொள்ளவும் வழக்கம் இடங்கொடுத்தது. புதிய சட்டம் வந்தபின் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே அனைவருக்கும் விதி. முதல் திருமணம் நிலைத்திருக்க, ஒருவர் செய்யும் மறுமணம் செல்லாது. அது குற்றமும் ஆகும்.

அச்சட்டம் கேட்பவற்றை எண்ணிப் பாருங்கள். திருமண அறிவிப்பை 21 நாள்கள் பதிவதிகாரி அலுவலகத்தில் ஒட்டி வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரின் சம்மதமும் வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். கோயிலில் ஓலை வாசித்ததும் ஏட்டில் எழுதியதும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அவை இன்று எல்லாச் சமயத்தாருக்கும் வேலியாகியுள்ளன. தேவாலயக் குருமாரையும் இந்துக் கோயில்களைச் சேர்ந்தவர்களையும் துணைப் பதிவதிகாரிகளாக நியமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அத்தகையவர் நடத்தினால் சடங்கும் பதிவும் ஒருங்கே முடியும். நியமனம் பெறாதவர் நடத்தி வைக்கும் சடங்கு மட்டும் சட்டத்தின் முன் போதாது. 1982 மார்ச் 1-க்கு முன் முறைப்படி மணந்த பெரியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களது திருமணம் பதிவானதாகவே கருதப்படும்.

பதிவு இல்லாவிட்டால் யார் துன்பப்படுகிறார்கள்? பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அதை நேரில் காண்கிறோம். முதலாம் ஆண்டில் சேரவரும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் சில வேளைகளில் தகப்பன் பெயர் இருக்காது. தகப்பன் வாசலில்தான் நிற்பார், பத்திரத்தில் இல்லை. பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால், இருவரும் சேர்ந்து கேட்டுக் கொண்டால்தான் தகப்பன் பெயரை எழுதுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் குடியுரிமை. அத்தகைய பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கில் கொள்ளப்படும். தாய் இந்நாட்டுக் குடிமகளாக இல்லாவிட்டால், தகப்பன் இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும் பிள்ளை தவிக்க நேரிடலாம்.

கணவரை இழந்த பெண்ணின் நிலையும் அவ்வாறே. வேலையிடத்தில் விபத்து நேர்ந்து கணவர் இறந்துவிட்டால், சொக்சோ உதவித் தொகைக்குக் கேட்கப்படும் பத்திரங்களுள் திருமணச் சான்றிதழும் ஒன்று. இருபது ஆண்டுகள் ஒரே அடுப்பில் சமைத்தவள், நான் மனைவிதான் என்று அலுவலகம் அலுவலகமாகச் சொல்லிக் கொண்டு நடப்பது எத்தனை கொடுமை!

முன்பெல்லாம் தோட்டமே சாட்சியாக இருந்தது. யார் யாருக்கு எப்போது தாலி கட்டினார் என்பது கிராணிக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும். 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்கும் தொழிற்சாலைப் பகுதிகளுக்கும் சிதறிப் போயினர். ஒரு திருமணத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எந்த ஊரில் இருக்கிறார்களோ! ஆள் கலைந்த பின்னும் கலையாத சாட்சி, ஏட்டிலுள்ள எழுத்து ஒன்றே.

ஆனால், எழுத்து மட்டும் குடும்பத்தை நடத்திவிடாது. இதையும் திருச்சபை அறியும். பவுல் அடியார் எபேசு நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில், கணவர்கள் தங்கள் மனைவியரைத் தம் உடலைப் போலவே பேண வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். இதைக் கேட்டுவிட்டு, சம்பள நாளில் கள்ளுக்கடை வழியாக வீடு திரும்பும் கிறிஸ்தவரும் உண்டு. ஆலயத்தில் மணந்தவர் வீட்டிலும் கண்ணீர் உண்டு. ஆகையால்தான் திருமணத்திற்கு முன் மணமக்களுக்கு ஆயத்த வகுப்பு நடத்துகின்றனர். பின்னர் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் அன்பியங்களிலும் குடும்பங்கள் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்கின்றன. சாட்சியாக வந்தவர் விருந்து உண்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. குடும்பம் தள்ளாடும் போது தாங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நாட்டுச் சட்டமும் மணவிலக்குக் கோரும் தம்பதியரை, பொதுவாக முதலில் சமரசக் குழுவிடம் போகச் சொல்கிறது. சமய அமைப்புகள் ஏற்படுத்தும் குழுக்களுக்கும் அதில் இடமுண்டு.

நேயர்களே, உங்கள் குடும்பத்தில் திருமணம் பேசத் தொடங்கிவிட்டீர்களா? நகைக்கும் புடவைக்கும் போகுமுன், தேசியப் பதிவு இலாகாவுக்கோ, துணைப் பதிவதிகாரி உள்ள கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ சென்று விவரம் கேளுங்கள். முன்னரே மணமாகிப் பதியாமல் இருப்பவர்கள், காலம் கடந்துவிட்டது என்று வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள். பெற்றோர் பின்னர் சட்டப்படி மணந்து கொண்டால், முன்னர் பிறந்த பிள்ளைகளுக்கும் உரிய நிலை கிடைக்க 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. பேரப்பிள்ளை எடுத்தவர்களும் பதியலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் நாளில் உங்கள் கையிலுள்ள பத்திரத்தில் இரண்டு பெயர்களும் இருக்கட்டும்.