பல்கருத் துணைச்செயலியும் அறிவியற் செய்நிரலும்

காலநிலையை முன்னறிதல், மூலக்கூறுகளின் அசைவை ஆராய்தல் முதலாய அறிவியற் பணிகள் கோடானுகோடி கணிப்புகளை வேண்டி நிற்பன. செயலியின் துடிப்பு வேகத்தைக் கூட்டிக்கொண்டே செல்வதால் இத்தேவை நிறைவேறுமென்ற நம்பிக்கை 2005ஆம் ஆண்டளவில் தளர்ந்தது. வேகத்தோடு வெப்பமும் மின்செலவும் தாங்கொணாவாறு பெருகினமையே அதற்குக் காரணமாகும். எனவே, விரைந்தியங்கும் சில கருக்களுக்குப் பதிலாக, மெதுவாயியங்கும் பல கருக்களை ஒரே சில்லில் அமைக்கும் முறை வளர்ச்சியுற்றது.

இன்ரெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட சியோன் ஃபை துணைச்செயலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதிலுள்ள கருக்கள் ஏறத்தாழ 60. ஒவ்வொரு கருவும் 4 இழைகளைத் தாங்கும். அதன் காவியலகு ஒரே கட்டளையில் 8 இரட்டைத்துல்லிய எண்களைக் கையாளும். 2013ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உலகின் அதிவேகக் கணினியென முதலிடம் பெற்ற சீனத்துத் தியான்கே-2, இத்தகைய துணைச்செயலிகள் 48,000 கொண்டிருந்தது.

ஆயினும், கருவி வலிதாதல் ஒன்றே போதாது. ஒரு கருவில், ஒருமுறைக்கு ஓரெண்ணாகக் கணிக்கும் பழைய செய்நிரல், இக்கருவியின் ஆற்றலில் ஏறத்தாழ 480இல் ஒரு பங்கையே பயன்படுத்தும். அது சாதாரணச் செயலியில் ஓடுவதினும் மெதுவாக ஓடுதலும் இயல்பே. இக்குறையை நீக்க மூன்று சீர்திருத்தங்கள் வேண்டப்படும்.

முதலாவது, வேலையைப் பகிர்தல். செய்நிரலின் பகிரவியலாப் பகுதியே வேகத்திற்கு எல்லை வகுக்குமென்பது ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கருத்தாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு பகிரவியலாததாயின், 60 கருக்கள் இருந்தும் வேகம் ஒன்பது மடங்கைத்தானும் எட்டாது.

இரண்டாவது, தரவுகளை ஒழுங்குபடுத்தல். ஒவ்வொரு துணிக்கையின் மூன்று ஆள்கூறுகளையும் சேர்த்து வைப்பது மனிதர்க்கு எளிது. காவியலகிற்கோ, எல்லாத் துணிக்கைகளின் முதலாம் ஆள்கூறுகளும் அடுத்தடுத்து நிற்றலே ஏற்றது. ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படுமிடத்து, எட்டு எண்களை ஒருங்கே கணித்தல் கூடாது.

மூன்றாவது, போக்குவரவைக் குறைத்தல். துணைச்செயலியின் நினைவகம் வேறானது. தரவைக் கொண்டுசெல்லும் நேரம் கணிப்பில் மிச்சமாகும் நேரத்தை விஞ்சுமாயின், பயன் யாதுமில்லை. ஆதலால் ஒருமுறை அனுப்பிய தரவின்மீது இயன்றளவு கணிப்பை அங்கேயே முடித்து, விடையை மட்டும் மீட்டல் வேண்டும்.

இவ்வினக் கருவிகளின் உற்பத்தியைக் கைவிடும் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றிற்காகச் செய்நிரல்களைத் திருத்தியோரின் உழைப்பு வீணாயிற்றோவெனின், அன்று. சாதாரணச் செயலிகளும் இன்று பல கருக்களும் காவியலகுகளும் உடையன; ஆகவே அத்திருத்தங்கள் அவற்றிலும் வேகத்தைக் கூட்டின. வரைவியற் செயலிகளுக்கும் இம்மூன்று நெறிகளே அடிப்படையாம். கருவி சில ஆண்டுகளில் மறையும். செய்நிரலோ பல தலைமுறைக் கருவிகளைக் கடந்து வாழும். ஆதலின், கருவியின் பெயரை நம்பாது, கணிப்பின் ஒழுங்கை ஆராய்ந்து எழுதுதலே அறிவியலார்க்கு நிலைத்த பயன் தருவதாகும்.