இழுப்பு இல்லாத நாளுக்கும் மருந்து
(பிள்ளை நலம் - 9)

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் குழித்துறையில் இடவப்பாதி மழையும் இறங்குகிறது. வகுப்பில் ஒருவனுக்கு ஜலதோஷம் பிடித்தால் ஒரு வாரத்தில் பெஞ்சு முழுக்க மூக்கு ஒழுகும். மற்றவர்களுக்கு அது வெறும் சளி; ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ராத்திரி இழுப்பு. சிறுவர்களுக்கு இழுப்பைக் கிளப்புவதில் முதலிடம் இந்த வைரஸ் சளிக்குத்தான். நம் வீடுகளிலோ முதலில் நிறுத்தப்படுவது தயிரும் வாழைப்பழமும்!

நிறுத்த வேண்டியது அடுக்களையில் இருக்கிறது. நாலு மூடு ரப்பர் வைத்திருந்து, தனியாகப் புகைப்புரை கட்ட வசதியில்லாதவர்கள், மிஷினில் அடித்த ஷீட்டை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிடுவதுண்டு. எரிப்பது ரப்பர் விறகு. மழை என்றால் ஈரத் துணியும் அங்கேயே காயும், ஜன்னல் சாத்தியிருக்கும், அடுத்த அறையில் பிள்ளை தூங்கும். போதாததற்குக் கொசுவர்த்தி, தாத்தாவின் பீடி, தலைக்குக் குளித்தால் சாம்பிராணி. ஷீட்டை வெளியே ஒரு சாய்ப்புக்கு மாற்றிவிட்டாலே பாதிப் புகை போய்விடும்.

அடுத்தது பம்பு (இன்ஹேலர்) பயம். "டாக்டரே, இது அடிச்சுப் பழகினா பின்ன விட முடியாதாமே?" என்று கேட்காத அம்மா குறைவு. அதே அம்மா சிரப்பைத் தயங்காமல் ஊட்டுவார். சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு! வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் சுற்றாமல் நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் அவ்வளவே போதுகிறது. இந்தக் கருவி பிறந்ததற்கே ஒரு பிள்ளைதான் காரணம். அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், தலைமுடி ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் வரக்கூடாதா என்று கேட்டாள். 1956-இல் விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனால் சால்பியூட்டமால் அப்போதைக்குக் குழாயை விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றுவது புடசோனைடு போன்ற தடுப்பு மருந்து. டாக்டர் அதை எழுதியிருந்தால் இழுப்பு இல்லாத நாளிலும் அடிக்க வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: இழுப்பு நின்றதும் பம்பு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஸ்டீராய்டு என்று கலங்குபவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடலாம்: வருடக்கணக்கில் எடுத்தால் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம். வாரம் தவறாமல் ஓடி நெபுலைசர் வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழாய் இல்லாமல் சிறுபிள்ளைக்கு அடித்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். குலுக்கி, முகமூடியை மூக்கும் வாயும் மூட அழுத்தி, ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு, பிறகே அடுத்தது. தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

விலா உள்வாங்குகிறது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108. களைத்த பிள்ளையிடம் விசில் சத்தம் திடீரென்று நின்றால் குணம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள், காற்றே போகவில்லை என்று அர்த்தம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும், டாக்டர் எழுதித் தந்த அளவில், ஸ்பேசரில் சால்பியூட்டமால் கொடுத்துக்கொண்டே போகலாம்.

(தொடரும்)