கரண்ட் போனாலும் போகாத காந்தம்

வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? யுபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்தும். அவசரமாக ஃபைலை சேவ் செய்துவிட்டு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்வீர்கள். கரண்ட் இல்லையென்றால் எந்த மெஷினும் ஓடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போகும் வரை.

ஆவடியில் இருக்கும் என் அக்காவுக்கு முதுகுவலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அக்கா உள்ளே படுத்திருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. டெக்னீஷியன் கதவைத் திறந்ததும், "தம்பி!" என்று அக்காவின் பயந்த குரல் கேட்டது. மெஷின்தான் நின்றுவிட்டதே என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், நில்லுங்க! பாக்கெட்ல என்ன இருக்கு?"

பைக் சாவி, ஏ.டி.எம். கார்டு, ஸ்கேன் படங்களை காப்பி செய்யக் கொண்டுபோன பென் டிரைவ்.

"எல்லாத்தையும் வெளியே வைங்க. கரண்ட்தான் போச்சு, காந்தம் போகலை."

அது எப்படி? உங்கள் கம்ப்யூட்டரின் பின்புறம் கை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வரும். மின்சாரம் ஓடும் பாதையில் எப்போதும் ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடையில் வீணாகும் மின்சாரம்தான் இப்படி வெப்பமாகிறது. 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தார். அதன் மின்தடை திடீரென்று காணாமல் போய்விட்டது! இப்படிப்பட்ட பொருளைத்தான் சூப்பர் கண்டக்டர், அதாவது மீக்கடத்தி என்கிறோம்.

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் இருப்பது நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். திரவ ஹீலியம் அதை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கிறது. ஒருமுறை மின்சாரத்தை ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் போதும். தடையே இல்லாததால் மின்சாரம் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். படம் எடுக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் கரண்ட் வேண்டும், காந்தத்துக்கு வேண்டாம். பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்தம், நம் ஊரில் பூமியின் காந்தத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் பொதுவாக ஆகாது. காந்தப்புலம் அளவு மீறினால் மீக்கடத்தும் தன்மை போய்விடும். பாதரசம் கொஞ்சம் காந்தத்தைக்கூடத் தாங்காது. நியோபியம்-டைட்டானியம் நன்றாகத் தாங்கும். அதனால்தான் அந்தக் கலவை. இன்னும் வினோதமான பொருளை நம் நாட்டிலேயே கண்டுபிடித்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா உள்ளிட்டோரின் குழு 1994-ல் நிக்கல், போரான், கார்பன், இட்ரியம் கலந்த மீக்கடத்தியை அறிவித்தது. நிக்கலோ காந்த உலோகம்! இட்ரியத்துக்குப் பதில் எர்பியம் சேர்த்தால், சுமார் மைனஸ் 267 டிகிரிக்குக் கீழே காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் ஒரே பொருளில் சேர்ந்தே இருக்கின்றன. எலியும் பூனையும் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல!

சரி, நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவோம். ஸ்கேன் அறைக்குள் ஹார்டு டிஸ்க் போனால் டேட்டா போய்விடலாம். ஏ.டி.எம். கார்டின் கறுப்புப் பட்டை அழிந்துவிடலாம். பென் டிரைவில் உள்ள ஃபைல்கள் காந்தத்தால் அழியாது. ஆனால் அதில் இரும்பு இருந்தால் அதையும் இழுக்கும். சாவிக்கொத்து குண்டுபோல் பாயும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்ஸிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவரை காந்தம் சிலிண்டரோடு இழுத்தது. அவர் இறந்துபோனார். மெஷின் ஓடவில்லை என்று அவரிடம் சொன்னதாக உறவினர்கள் கூறினார்கள். நானும் அன்று அதே நினைப்பில்தான் ஓடினேன்.

ஜெனரேட்டர் ஓடியதும் ஸ்கேன் முடிந்தது. படங்களை சிடியில் கொடுத்தார்கள். சிடியை காந்தம் ஒன்றும் செய்யாது. அதிலேயே படம் பார்க்கும் சாஃப்ட்வேரும் இருந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு அக்காவுக்குக் காட்டினேன். "இந்தக் காந்தத்துக்குள்ளேயா ஓடி வரப் பார்த்தே?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார்.

நீங்களும் ஸ்கேன் அறை வாசலில் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். கரண்ட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.