சிலுவையைச் சுமப்பதும் சிலுவையில் ஏற்றுவதும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பம்மலில் நின்று பேசுவதால் பம்மலிலிருந்தே தொடங்குகிறேன். பக்கத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே 1912இல் தொடங்கப்பட்ட குரோம் லெதர் கம்பெனியால்தான். பிறகு பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று தோல் கம்பெனிகள் பெருகின. தோலைத் தொடுவது தீட்டு என்று சொல்லும் நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்கள் யார் என்று இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெந்த கால்களும், குரோமியம் இறங்கிய நிலத்தடி நீரும் இந்த மண்ணின் வரலாற்றில் அடக்கம்.

இதே தெருக்களில்தான் மாடியில் தகரக் கூரை போட்ட சின்னச் சின்னச் சபைகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலை போன கணவன், தோலில் ஆறாத புண், கட்ட முடியாத கடன் என்று பெண்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவார்கள். அந்த அழுகைக்கு அடியில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: எனக்கு ஏன் இந்தப் பாடு?

இந்த உரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயும் மரணமும் எல்லா மனிதருக்கும் வருபவை. அவற்றைத் தாங்க நம்பிக்கை உதவுமானால் அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் நம் மக்கள் படும் பாட்டில் பெரும்பகுதி தானாக வந்ததில்லை, மனிதர்கள் உண்டாக்கியது. உண்டாக்கப்பட்ட துன்பத்துக்குத் தெய்வீகப் பொருள் தேடுவது, உண்டாக்கியவரைத் தப்பவிடுவதாகும். அங்கே நாம் தேட வேண்டியது காரணத்தை.

மூன்று பதில்கள்

சபைகளில் அந்தக் கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கின்றன. நீயோ உன் முன்னோரோ செய்த பாவத்துக்குத் தண்டனை என்பது ஒன்று. உன் விசுவாசத்துக்கு வைக்கப்பட்ட சோதனை என்பது இரண்டாவது. இது உன் சிலுவை, பொறுமையாகச் சும, பரலோகத்தில் பலன் உண்டு என்பது மூன்றாவது.

முதல் பதில் நமக்குப் பழக்கமானது. கர்மவினை என்ற பெயரில் இதைத்தான் ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டோம். அதிலிருந்து வெளியேறத்தான் நம் பாட்டனும் பாட்டியும் மதம் மாறினார்கள். மாறிய இடத்திலும் அதே பதில் காத்திருந்தால் என்ன பயன்? மதம் மாறியவரின் நிலை பற்றி எழுதிய கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் சுட்டினார். தன் தாழ்வுக்குத் தன் பாவமே காரணம் என்று கற்பிக்கப்படும் தீண்டப்படாதவர், தன்னைத் தாழ்த்திய சமூகச் சூழலை எதிர்க்கும் திசையில் திரும்பமாட்டார் என்பது அவருடைய வாதம்.

சமூகவியல் மாணவர்கள் மாக்ஸ் வெபரைப் படித்திருப்பீர்கள். நல்வாழ்வு பெற்றவர்களுக்கு அந்த நல்வாழ்வு மட்டும் போதுவதில்லை, அதற்குத் தாங்கள் தகுதியானவர்கள் என்ற நிச்சயமும் தேவைப்படுகிறது என்றார் அவர். தனக்குக் கிடைத்தது ஆசீர்வாதம் என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது, கிடைக்காதவர் சபிக்கப்பட்டவர் என்பதும் சொல்லாமல் சொல்லப்படுகிறது.

விவிலியமே இந்தப் பதிலை ஏற்கவில்லை என்பதுதான் வியப்பு. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், நீ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். யோபுவோ கடவுளிடமே வழக்காடுகிறார். கதையின் முடிவில் கடவுள் கோபிப்பது நண்பர்கள் மீது; வழக்காடியவர் பேசியதுதான் சரி என்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, இவரைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு மறுத்தார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியைக் குறிப்பிட்டபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார்.

இந்தக் கோபுரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ராணிப்பேட்டை நினைவுக்கு வரும். 2015 ஜனவரி 31 அன்று அங்கே சிப்காட்டில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் பாவிகளா என்று கேட்பது அபத்தம். கர்த்தரின் சித்தம் என்று சொல்வதும் அதே அளவு அபத்தம். கேட்க வேண்டியது இது: அந்தத் தொட்டியில் அவ்வளவு கழிவைத் தேக்கியது யார்? சுவருக்கு அருகில் தொழிலாளர்களைத் தூங்க வைத்தது யார்?

சோதனை என்ற இரண்டாவது பதிலுக்கு ஒரு சமூகவியல் கேள்வி போதும். ஒரு சாதியில் பிறந்தவர்களுக்கு மட்டும், தலைமுறை தலைமுறையாக, அதே தேர்வை வைக்கும் ஆசிரியர் யார்? அந்தத் தேர்வைக் கடவுள் வைக்கவில்லை, ஊர் வைத்தது.

மூன்றாவது பதில்தான் கடினமானது, ஏனென்றால் சிலுவை கிறித்தவத்தின் நடுவில் இருக்கிறது. சிலுவை என்பது ரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை நசுக்கிய பிறகு, கி.மு. 71இல் ஆப்பியன் நெடுஞ்சாலை ஓரமாக 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். சிலுவையைச் சுமந்து வா என்ற சொல்லைக் கேட்ட முதல் நூற்றாண்டு ஏழைக்கு, அதிகாரத்தை எதிர்த்தால் வரக்கூடிய தண்டனைக்கும் தயாராக இரு என்றுதான் புரிந்திருக்கும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று புரிந்திருக்காது.

இயேசுவும் அந்த வேதனையைக் கொண்டாடவில்லை. அது தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று முந்தின இரவு மன்றாடினார். மரத்தில் தொங்கியபோது, ஏன் கைவிட்டாய் என்று கடவுளிடமே கேட்டார். அமெரிக்காவின் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011இல் வெளிவந்த தன் நூலில், வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்ட மரத்தோடு சிலுவையை இணைத்துப் படித்தார். அதே மரபில் வந்த டெலோரஸ் வில்லியம்ஸ் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: பிறருக்காகத் துன்பப்படுவது புனிதம் என்று சொல்லிச் சொல்லித்தானே கறுப்பினப் பெண்களின் உழைப்பைச் சுரண்டினார்கள்? நம் சேரிப் பெண்களும் கேட்க வேண்டிய கேள்வி இது.

சிலுவையைச் சுமப்பது ஒன்று, சிலுவையில் ஏற்றுவது வேறொன்று. சுமப்பவரின் பொறுமையைப் பற்றி மட்டும் பேசுகிற பிரசங்கம், ஏற்றியவரைப் பற்றிப் பேசாமல் முடிந்துவிடுகிறது.

சட்டம் கேட்ட சாட்சி

சபை துன்பத்தை ஏற்றுக்கொள் என்கிறது. சட்டமோ துன்பத்தை நிரூபி என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தோல் தொழிலாளியின் வழக்கு நம் சென்னையில்தான் தொடங்கியது.

சூசை, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவராக மாறியவர். எழும்பூர்ப் பக்கம் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்தார். செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதே வேலை, அதே வெயில், அதே சாதி. மதம் மட்டும் வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

1985இல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்திலும் அதே கடுமையோடு இழிவும் ஒடுக்குதலும் தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது.

நிரூபிக்கச் சான்று இல்லையா என்ன? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித் பிணங்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் சாதிக் கிறித்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு குடும்பங்களின் கண்ணீரும் சாதி உண்டாக்கிய கண்ணீர்தான். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதுவே ஒப்புக்கொண்டது.

வலி கற்பிப்பது

இந்த இடத்தில்தான் தலித் இறையியல் பிறந்தது. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் பேசிய அர்விந்த் நிர்மல் அதற்கு அடியெடுத்துக் கொடுத்தார். பிறகு சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதைத் தனித் துறையாக வளர்த்தார். தலித்தின் வலிதான் தலித் அறிவின் தொடக்கம், வலியில் கிடக்கும் மக்களே கடவுளைத் தங்களோடு துன்புறுபவராக அறிகிறார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. நம் மக்களின் அனுபவத்துக்கு அவர் கொடுத்த மரியாதை பெரிது. ஆனால் தொடக்கமான வலியையே முடிவாகவும் ஆக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. நாம் துன்புறுவதால் புனிதமானவர்கள் இல்லை. துன்பம் நின்ற பிறகும் நாம் நாமாகவே இருப்போம்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு வேறு வழியில் போனார். நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதை இறையியலின் நடுவில் வைத்தார். சேர்ந்து உண்ண மறுப்பதில்தான் சாதி வாழ்கிறது என்றால், சேர்ந்து உண்பதே அதற்கு எதிரான வழிபாடு. பசிக்கு என்ன பொருள் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, உலையை வைத்தார்.

நாத்திகத் தோழர்களுக்கும் ஒரு சொல். மதம் மக்களுக்கு அபின் என்ற மார்க்ஸின் கூற்று எல்லாருக்கும் தெரியும். ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் அதே இடத்தில் அவர் சொன்னதை மறந்துவிடுகிறோம். நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் பெண், தன் பாட்டை உரக்கச் சொல்லவும், பத்துப் பேர் குறுக்கிடாமல் கேட்கவும் கிடைத்த ஒரே இடம் அந்தத் தகரக் கூரைச் சபையாக இருக்கலாம். நம் இயக்கங்கள் அவளுக்கு அப்படி ஓர் இடத்தைக் கொடுத்தனவா?

காரணத்தை எழுதியபோது

துன்பத்தின் பொருளைத் தேடுவதற்கும் காரணத்தைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு நம் செங்கல்பட்டே சாட்சி. இந்த வட்டாரப் பறையர்களின் வறுமை, 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை வழக்கம் என்றே கருதப்பட்டது. ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றோர் அதைப் பற்றி எழுதினார்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்கீர் தன் அறிக்கையில் காரணங்களை அடுக்கினார். நிலம் மிராசுதாரர் கையில் இருக்கிறது, குடியிருக்கும் மனைகூட அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கடன் உழைப்பைக் கட்டிப்போடுகிறது என்றார். 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. முழுமையான தீர்வு இல்லைதான். ஆனால் எந்தப் பிரசங்கத்தாலும் கிடைக்காத நிலம், காரணத்தை எழுதியதால் கிடைத்தது.

நிலத்துக்காக மதம் மாறுகிறவர்கள் உண்மைக் கிறித்தவர்களா என்று அன்றைய மிஷனரிகளே சந்தேகப்பட்டார்கள். எகிப்தில் அடிமைகளின் அழுகுரலைக் கேட்ட கடவுள் அவர்களுக்கு வாக்களித்தது நிலத்தைத்தான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. காரணைப் போராட்டத்தின் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒருவர் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது, மற்றவர் பெயர் திருமலையிலிருந்து வந்தது. 1950ஆம் ஆண்டு ஆணை பார்க்கும் வேறுபாட்டைத் துப்பாக்கி பார்க்கவில்லை.

அவர்கள் சாவுக்கு ஒரு தெய்வீகப் பொருள் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சாகப் போகவில்லை, நிலத்தைக் கேட்கப் போனார்கள். அந்தச் சாவுக்குச் சுட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்ட நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்கு உயிரோடு இருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். பொருள் என்று ஒன்று உண்டானால் அந்தப் பதிலில்தான் உண்டு.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் ஊர் நிலத்தின் அ-பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். கல்லறையில் சுவர் இருந்தால் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். சட்டம் சாட்சி கேட்கிறது என்றால் கொடுப்போம். ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெண் அழுதால், அவளுக்காக ஜெபியுங்கள். ஜெபம் முடிந்ததும் அவளிடம் கேளுங்கள்: அம்மா, இதை உனக்குச் செய்தது யார்?