மண்பானை சொல்லும் பாடம்

சித்திரை மாத நண்பகலில் வயலிலிருந்து களைத்து வரும் ஒருவர் முதலில் நாடுவது மண்பானைத் தண்ணீரையே. அதே நிழலில் இருக்கும் பித்தளைக் குடத்து நீர் வெதுவெதுப்பாயிருக்க, பானை நீர் மட்டும் குளிர்ந்திருப்பது ஏன்? இதற்கு விடை தெரிந்தால், சந்தைக்குப் போகுமுன்னரே கூடை கூடையாக வாடி வீணாகும் நம் காய்கறிகளைக் காப்பதற்கும் ஒரு வழி புலனாகும். ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

மறைந்து நிற்கும் வெப்பம்

அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்திருப்பதாகக் கொள்வோம். 30 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள அந்நீர் 100 டிகிரியை அடைந்து கொதிப்பதற்கு ஏறத்தாழ 70,000 கலோரி வெப்பம் வேண்டும். கொதி வந்த பிறகோ, எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த பாத்திரத்திலுள்ள நீரின் சூடு அதற்கு மேல் ஏறுவதில்லை. அப்படியாயின் அவ்வெப்பம் எங்கே போகிறது? நீரை ஆவியாக மாற்றுவதிலேயே அது செலவாகிறது. அந்த ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 5,40,000 கலோரி வேண்டும். இது கொதிக்க வைப்பதற்கு ஆன வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம்.

வெப்பமானியில் தென்படாது மறைந்து நிற்பதால் இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் 1760களில் இவ்வுண்மையை ஆராய்ந்து விளக்கினார். பனிக்கட்டி உருகி நீராவதற்கும் இவ்வாறே கிராம் ஒன்றுக்குச் சுமார் 80 கலோரி வேண்டியிருக்கிறது.

உட்கொண்ட இவ்வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவி மீண்டும் நீராகும்போது அதனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இட்லிக் கொப்பரையில் மாவைத் தொடும் ஆவி நீராக மாறித் தன் வெப்பத்தை ஈவதால்தான் இட்லி விரைவில் வேகிறது. கொதிநீர் பட்ட புண்ணைக் காட்டிலும் ஆவி பட்ட புண் கடுமையாயிருப்பதற்கும் இதுவே காரணம். சோறு கொதித்த பின் தீயைக் குறைத்து மூடி வைத்தால் போதும். மேலும் எரிக்கும் விறகு நீரை ஆவியாக்கப் பயன்படுமேயன்றிச் சோற்றை விரைவில் வேகவைக்காது.

பானை குளிரும் விதம்

நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டுமென்பதில்லை. காற்றுப் பட்டால் சாதாரணச் சூட்டிலேயே அது சிறிது சிறிதாக ஆவியாகும். அப்போதும் கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி தேவை. அடுப்பு இல்லாத இடத்தில் இவ்வெப்பத்தை அது தன்னைச் சூழ்ந்த பொருள்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. பித்தளையில் நுண்துளைகள் இல்லை. ஆகவே குளிர்ச்சியும் இல்லை.

காய்கறிகளுக்கு ஒரு பெரும் பானை

புது தில்லியில் பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் இத்தத்துவத்தைக் கொண்டே மின்சாரம் வேண்டாத குளிர்கலன் ஒன்றை வகுத்துள்ளனர். நிழலுள்ள, காற்றோட்டமான இடத்தில் 165 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செங்கல் தளம் அமைக்க வேண்டும். அதன்மேல் 67.5 சென்டிமீட்டர் உயரத்திற்கு இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்பி நீரால் நன்கு நனைக்க வேண்டும். மூங்கில் சட்டத்தில் சாக்கு அல்லது வைக்கோல் வைத்துத் தைத்த மூடியால் மூடி, மேலே கீற்றுப் பந்தல் போட வேண்டும். காலையும் மாலையும் மணலுக்கும் மூடிக்கும் நீர் தெளித்துவருவது அவசியம். இதில் ஏறத்தாழ 100 கிலோ காய்கறிகளை வைக்கலாம். வறண்ட கோடையில் உட்புறச் சூடு வெளிச்சூட்டைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைந்திருக்கும். உள்ளே ஈரப்பதம் மிகுந்திருப்பதால் தக்காளியும் கீரையும் எளிதில் வாடமாட்டா.

நாம் செய்த பிழை

நம் வட்டாரத்தில் முதன்முதலாக இத்தகைய கலன் ஒன்றை அமைத்தபோது, திருட்டுக்கு அஞ்சிச் சன்னலில்லாத ஒரு கிடங்கினுள்ளே அதனைக் கட்டச் செய்தோம். குளிர்ச்சி ஏற்படவில்லை. நான்காம் நாள் தக்காளியில் பூஞ்சணம் பூத்துவிட்டது. பழத்தை நம்பி ஒப்படைத்த முதியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பானையைக் காத்துப் படற திண்ணையிலதானே வைக்கிறோம், ஐயா? அடைச்ச அறையில வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். நாம் நூலில் படித்திருந்ததை அவர் திண்ணையிலேயே கற்றிருந்தார். ஈரம் நிறைந்த காற்று மேலும் ஆவியை ஏற்காது. ஆவியாதல் நின்றால் வெப்பம் அகலுவதும் நின்றுவிடும். பின்னர் மரநிழலில் வேறொரு கலன் கட்டினோம். அது நன்கு பயன்படுகிறது. முதல் கூடையை வைத்தவரும் அம்முதியவரே.

இதே காரணத்தால் கடற்கரை ஊர்களிலும், ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்காலத்திலும் இக்கலனிடம் அதிகம் எதிர்பார்த்தல் கூடாது. வெங்காயம், பூண்டு போன்று உலர்ந்த இடத்தை வேண்டுவனவற்றை இதில் வைத்தலும் ஆகாது.

செங்கல், மணல், மூங்கில், சாக்கு ஆகியவை நம் ஊர்களில் கிடைக்கும் பொருள்களே. மாலையில் பறித்த காயை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிடாமல், மறுநாள் சந்தை வரை காத்திருக்கும் வலிமையை இக்கலன் சிறு விவசாயிக்கு அளிக்கிறது. ஊராட்சி உறுப்பினர்கள் ஊர்ப் பொதுவிடத்தில், காற்றுப் படும் மரநிழல் ஒன்றைத் தேர்ந்து, இக்கோடைக்கு முன்னரே ஒரு கலன் கட்டிப் பார்ப்பார்களாக. இடம் தேரும்போது ஊரின் முதியவர்களையும் கலந்துகொள்வது நலம்.