துள்ள முடியாத முதியவர் துள்ளக் கற்பிப்பது எப்படி?

பாலே நடனத்தின் பேராசானாகிய என்ரிக்கோ செக்கெட்டி, 1928-இல் தமது 78-ஆம் வயதில் காலமாகும்வரை, மிலான் நகரத்து லா ஸ்கலா பள்ளியில் இளம் சிஷ்யர்களுக்குப் போதித்துவந்தார் என்றால், தளர்ந்த தேகம் தாவலைக் கற்பிப்பது எங்ஙனம் என்ற ஐயம் உங்களுக்கு எழாதா?

வயது ஏற ஏற, நொடிப்பொழுதில் விசை தரும் தசை இழைகளே பெரிதும் மெலிகின்றன. ஆகவே தாவல்தான் முதலில் விடைபெறுகிறது. ஆனால் நெடுங்கால அப்பியாசத்தால் சிறுமூளை முதலிய பாகங்களில் பதிந்துபோன அசைவின் ஞாபகமோ அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அச்சு தேய்ந்த வண்டியில் பூட்டிய மாடும் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தவறாமல் நடப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னும் விந்தை கேளுங்கள்: தாம் பயின்ற அசைவைப் பிறர் ஆடக் காணும்போது, நர்த்தகரின் மூளையில் அவ்வசைவை இயக்கும் பகுதிகளும் கிளர்ச்சியுறுகின்றன.

அதனால்தான், பயிற்சிக் கம்பியைப் பற்றிக்கொண்டு முழங்காலை மடக்கும் புதிய மாணவி, காலை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பாமல் முழங்காலையே முறுக்கினால், நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் கண் அதைச் சட்டெனப் பிடித்துவிடுகிறது. அங்கே திருத்தாவிட்டால் மூட்டுக்கன்றோ சேதம்!

ஆரம்பப் பாடத்துக்கு, உயரத் தாவும் இளைஞரைக் காட்டிலும் இத்தகைய கண் வாய்த்த முதியவரே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.